ஒரே அளவு, வேறு வேறு சுமை: நான்கு சக்கர இயக்க வேனுக்கு ஆல்-டெரெயின் டயர் பார்ப்பது எப்படி

மெர்சிடிஸ் ஸ்பிரிண்டர் வேனின் நான்கு சக்கர இயக்க வகை அமெரிக்காவில் 2015ஆம் ஆண்டு மாடலாக விற்பனைக்கு வந்தது. உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்திக்கொண்டு பாலைவனத்துக்கும் பனிமலைக்கும் அதை ஓட்டிப் போகிறவர்கள் ஏராளம். இவர்களில் பலர் முதலில் கைவைப்பது டயரில்தான். சாலைக்கென வந்த டயரைக் கழற்றிவிட்டு, ஆழமான பட்டன்களும் (தரையைப் பற்றும் ரப்பர்க் கட்டிகள்) தடித்த பக்கச்சுவரும் கொண்ட, சாலைக்கும் கரடுமுரடான பாதைக்கும் ஏற்ற ஆல்-டெரெயின் டயரை மாட்டுகிறார்கள்.

குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஸ்பிரிண்டர் 2500இன் டயர் அளவு 245/75 ஆர்16. இந்த அளவைச் சொல்லிக் கேட்டால் மூன்று விதமான டயர்கள் கிடைக்கும். மூன்றும் 16 அங்குல ரிம்மில் உட்காரும். உயரமும் அகலமும் ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் ஒன்று 1,030 கிலோ தாங்கும், இன்னொன்று 1,000 கிலோ, மற்றொன்று 1,380 கிலோ. விலைப்பட்டியலில் இந்த 380 கிலோ வேறுபாடு ஓர் எழுத்தாகவும் இரண்டு எண்களாகவும் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கும். கறுப்புப் பட்டனின் மிடுக்கைப் பார்த்து வாங்குகிறவர் கண்ணில் அது படுவதில்லை.

எடை குறைந்த காருக்கு இது பெரிய தவறில்லை. கார் டயர்களில் தேவைக்கு மேல் தாங்குதிறன் இருப்பது வழக்கம். கேம்பர் வேன் அப்படியில்லை. அது வீட்டைச் சுமந்துகொண்டு ஓடுகிறது. எந்நாளும் தன் எடை வரம்பின் விளிம்பில் நிற்கிறது.

சுமையைத் தாங்குவது எது?

டயரின் ரப்பர் வேனைத் தாங்குகிறது என்று நினைப்பது இயல்பு. உண்மையில் தாங்குவது உள்ளே அடைபட்ட காற்று. ரப்பரும், நூலிழைகளும், இரும்புக் கம்பிப் பட்டைகளும் அந்தக் காற்றை அடைத்துவைக்கும் பை. காற்றில்லாத டயர் மேல் வேனை நிறுத்தினால் ரிம் தரையைத் தொடுகிறது. ரப்பரால் தனியே ஆவது அவ்வளவுதான்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் கிளைக்கின்றன. ஒரு டயர் எவ்வளவு தாங்கும் என்பதைத் தீர்மானிப்பவை உள்ளே இருக்கும் காற்றின் கொள்ளளவும் அழுத்தமும். கொள்ளளவை டயரின் அளவு சொல்லிவிடுகிறது. அழுத்தம் எதுவரை போகலாம் என்பதைப் பையின் வலு சொல்கிறது. வலுவான பைக்குள் 80 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) காற்று அடைக்கலாம், சாதாரணப் பைக்குள் 35. ஒரே அளவுள்ள டயர்கள் வேறு வேறு எடை தாங்குவதன் இரகசியம் இதுதான். இரண்டாவது, பக்கச்சுவரில் அச்சிட்ட தாங்குதிறன் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மட்டுமே உரியது. அந்த அழுத்தம் இல்லையென்றால் அந்த எண்ணும் இல்லை.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒரு சக்கரத்தின் மேல் 1,200 கிலோ இருக்கிறது. உள்ளே 70 பி.எஸ்.ஐ. காற்று. டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 245 சதுர செ.மீ., ஏறத்தாழ ஓர் ஏ4 தாளில் ஐந்தில் இரண்டு பங்கு. அழுத்தத்தைப் பாதியாக்கினால் அதே எடையைச் சுமக்க இரண்டு மடங்கு பரப்பு வேண்டும். அதற்காகப் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி விரிய வேண்டும். கம்பியை முன்னும் பின்னும் வளைத்தால் வளைந்த இடம் சுடுவதைப் போல, மடங்கும் ரப்பரும் சூடாகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் ஒரு நிமிடத்துக்கு அறுநூறு, எழுநூறு முறை இந்த மடக்கல் நடக்கிறது. இரும்புப் பட்டைகளின் ஓரங்களில் சேரும் அந்தச் சூடுதான் டயரைக் கொல்கிறது.

பக்கச்சுவரைப் படிப்பது

ஸ்பிரிண்டருக்கு ஏற்ற ஓர் ஆல்-டெரெயின் டயரில் இப்படி எழுதியிருக்கும்: எல்டி 245/75 ஆர்16 120/116 எஸ், சுமை வகுப்பு இ. துண்டு துண்டாகப் பார்ப்போம்.

1. எல்டி: இலகு ரக லாரிகளுக்கான டயர் என்பதன் அடையாளம். இந்த இரண்டு எழுத்து இல்லாமலோ, பி என்ற எழுத்துடனோ வந்தால் அது பெரும்பாலும் பயணிகள் கார் டயர்.

2. 245/75 ஆர்16: அகலம் 245 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம்; ஆர் என்பது ரேடியல் கட்டமைப்பு; ரிம்மின் விட்டம் 16 அங்குலம். மொத்த விட்டம் 774 மி.மீ. வரும்.

3. 120/116: சுமைக் குறியீடு. இது கிலோ அல்ல, ஒரு பட்டியலின் வரிசை எண். 100 என்றால் 800 கிலோ, 109 என்றால் 1,030, 115 என்றால் 1,215, 120 என்றால் 1,400, 121 என்றால் 1,450. முதல் எண் ஒற்றைச் சக்கரத்துக்கு. இரண்டாவது, பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் போட்ட வண்டிக்கு.

4. எஸ்: வேகக் குறியீடு. எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., ஆர் 170, கியூ 160. வேன்களுக்கு இது பெரும்பாலும் தடையாக வருவதில்லை. ஆனால் ஐரோப்பிய நாடுகளில் பதிவுச் சான்றில் உள்ள எழுத்தோடு ஒப்பிடுவார்கள்.

5. சுமை வகுப்பு: சி, டி, இ. எல்டி டயர்களில் வழக்கமான உச்ச அழுத்தங்கள் முறையே 50, 65, 80 பி.எஸ்.ஐ. பழைய பேச்சில் இவை 6, 8, 10 ப்ளை. பருத்தி நூலில் டயர் செய்த காலத்தில் உண்மையிலேயே பத்து அடுக்கு இருந்தது. இன்றைய ரேடியல் டயரில் அத்தனை அடுக்கு கிடையாது. அந்த வலுவுக்கு நிகர் என்பதுதான் பொருள். லாரிப் பட்டறைகளில் இன்றும் ப்ளை கணக்கே பேசுகிறார்கள், அதில் பிழையொன்றுமில்லை.

ஒரு சின்ன முரண்பாட்டையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 120 என்ற குறியீட்டுக்குப் பட்டியல் 1,400 கிலோ என்கிறது. அதே டயரின் பக்கச்சுவரில் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 3,042 பவுண்டு, அதாவது 1,380 கிலோ என்று அச்சாகியிருக்கும். அமெரிக்க முறையில் எடையை நேரடியாக வரையறுத்துவிட்டு, அதற்குக் கிட்டத்தில் உள்ள குறியீட்டை ஒட்டுவதால் வரும் வேறுபாடு இது. கணக்குப் போடும்போது சிறிய எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது.

மூன்று குடும்பங்களும் அவற்றின் பொறிகளும்

பயணிகள் கார் டயர், எல்டி, ஐரோப்பிய முறையில் அளவுக்குப் பின்னால் சி என்ற எழுத்து வரும் வணிக டயர் (இந்த சி வேறு, சுமை வகுப்பு சி வேறு) என்று மூன்று குடும்பங்கள் உண்டு. ஆல்-டெரெயின் டயர்கள் முதல் இரண்டில் தாராளமாகவும் மூன்றாவதில் அரிதாகவும் கிடைக்கின்றன. பொறிகள் எல்லாம் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போதுதான் காத்திருக்கின்றன.

முதல் பொறி, கார் டயரை வேனில் போடுவது. 245/75 ஆர்16 அளவில் கார் வகை ஆல்-டெரெயின் டயரின் குறியீடு 109, 1,030 கிலோ. சுமை வகுப்பு சி கொண்ட எல்டி டயரின் குறியீடு 108, 1,000 கிலோ. எண்ணை மட்டும் பார்த்தால் கார் டயரே மேல். ஆனால் அமெரிக்காவின் மோட்டார் வாகனப் பாதுகாப்பு விதி எண் 110இல் ஒரு கழிவு இருக்கிறது: கார் டயரை வேன், லாரி, பல்நோக்கு வாகனம் ஆகியவற்றில் பொருத்தினால் அதன் தாங்குதிறனை 1.10ஆல் வகுக்க வேண்டும். 1,030 என்பது அப்போது 936 ஆகிவிடுகிறது. வேனின் ஈர்ப்பு மையம் உயரம்; வளைவுகளில் ஒரு பக்க டயர் மீது திடீரென எடை சாய்கிறது; அடிக்கடி மிகைச்சுமையும் ஏற்றுகிறார்கள். இதற்கெல்லாம் முன்கூட்டியே எடுத்துவைத்த இருப்பு அந்தப் பத்து சதவீதம்.

இரண்டாவது பொறி ஐரோப்பாவில் கொஞ்சம் நுட்பமானது. அங்கே கேம்பர் வேன் என்றால் பெரும்பாலும் ஃபியட் டுகாட்டோ. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள டான்ஜெல் நிறுவனம் அதற்கு நான்கு சக்கர இயக்கம் பொருத்தித் தருகிறது. இந்த வகைக் கனரக வேன்களில் பரவலாகக் காணப்படும் அளவு 225/75 ஆர்16 சி. குறியீடு 121/120 கொண்டதாக வாங்கினால் ஒரு டயர் 1,450 கிலோ தாங்கும். உரிமையாளர் ஆல்-டெரெயினுக்கு மாற நினைக்கிறார். அதே 225/75 ஆர்16 அளவில் எல்டி டயர் கிடைக்கிறது, அதுவும் பத்து ப்ளை வலுவோடு, பார்க்கவே முரட்டுத்தனமாக. குறியீடு மட்டும் 115/112. அதாவது 1,215 கிலோ. சாதுவாகத் தெரிந்த பழைய டயரை விட ஒரு சக்கரத்துக்கு 235 கிலோ குறைவு. ஓர் அச்சுக்கு 470 கிலோ.

பின் அச்சின் வரம்பு 2,400 கிலோ என்று பதிவுச் சான்று சொன்னால், இரண்டு எல்டி டயர்கள் சேர்ந்து 2,430 தாங்கும். சட்டப்படி சரி. மிச்சம் 30 கிலோ, அதாவது ஒரு சமையல் எரிவாயு உருளையின் எடை. அந்த எடையும் இரு பக்கமும் சமமாகப் பிரிந்தால்தான். முரட்டுத் தோற்றத்துக்கும் தாங்குதிறனுக்கும் தொடர்பில்லை என்பதற்கு இதை விடத் தெளிவான சான்று தேவையில்லை. ஆழமான பட்டன் கல்லைப் பிடிக்கும், சேற்றைத் தள்ளும். எடையை அது அறியாது.

ஐரோப்பியக் கேம்பர்களுக்கென்றே சிபி என்ற இன்னொரு வகை இருக்கிறது. மாதக்கணக்கில் முழுச் சுமையோடு ஒரே இடத்தில் நிற்கும் வண்டிகளை நினைத்து, கூடுதல் அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும்படி செய்தவை. ஆனால் அந்த வகையில் ஆல்-டெரெயின் பட்டன் எதிர்பார்க்க வேண்டாம்.

உங்கள் வேனுக்கு எவ்வளவு வேண்டும்?

டயர் கடைக்குப் போவதற்கு முன் போக வேண்டிய இடம் எடை மேடை. கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் முன் அச்சு, பின் அச்சு இரண்டுக்கும் தனித்தனி வரம்பு இருக்கும். அது அனுமதி. உண்மையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை மேடைதான் சொல்லும்.

1. பயணத்துக்குக் கிளம்பும் நிலையில் எடை போடவேண்டும். தண்ணீர்த் தொட்டி நிறைய, டீசல் நிறைய, ஆட்கள் ஏறியபடி. நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ; காலித் தொட்டியோடு போட்ட எடைக்குப் பொருளில்லை.

2. முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஓர் எடை, பிறகு முழு வண்டியும், பிறகு பின் சக்கரங்கள் மட்டும். முடிந்தால் ஒரு பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றியும் பார்க்கவேண்டும். சமையலறை, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி மூன்றும் ஒரே பக்கத்தில் அமைந்த வேன்கள் நிறைய.

3. கிடைத்த அச்சு எடை, ஸ்டிக்கரில் உள்ள வரம்பு இரண்டில் எது பெரியதோ அதைப் பாதியாக்கி, அதற்குக் குறையாத டயரைத் தேடவேண்டும். அளந்த எடை வரம்பைத் தாண்டியிருந்தால் டயர் அதற்கு மருந்தல்ல. சுமையை இறக்குவது ஒன்றே வழி. அச்சுக்கும் பிரேக்குக்கும் டயர் வலு சேர்ப்பதில்லை.

எடுத்துக்காட்டாக, பின் அச்சின் வரம்பு 2,430 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்துக்கு 1,215. கழிவுக்குப் பிறகு 936 தாங்கும் கார் டயர் இங்கே நிற்காது. 1,000 தாங்கும் சி வகுப்பும் நிற்காது. இ வகுப்பு 1,380 தாங்கும். 165 கிலோ இருப்பு வைக்கிறது, ஏறத்தாழ 14 சதவீதம். பத்திலிருந்து பதினைந்து சதவீதம் இருப்பு வைத்துக்கொள்வது கேம்பர் வேனுக்கு நியாயமான அளவு என்பேன்.

பின்கதவில் ஸ்டெப்னியும் சைக்கிள்களும் தொங்கவிடுகிறவர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஸ்பிரிண்டரின் இரண்டு வீல்பேஸ்களில் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான தூரம்) சிறியது 3.66 மீட்டர். பின் அச்சிலிருந்து ஒன்றரை மீட்டர் பின்னால் 100 கிலோவைத் தொங்கவிட்டால், நெம்புகோல் விதிப்படி பின் அச்சில் ஏறுவது 141 கிலோ. அந்த 41 கிலோ முன் அச்சிலிருந்து வருகிறது. முன்பக்கம் இலேசாகி, பின் டயர் நினைத்ததை விட அதிகம் சுமக்கிறது. எடை மேடையில் இது தானாகவே தெரிந்துவிடும். தலைக்குள் கூட்டிப்பார்க்கிறவர்களுக்குத்தான் தப்பும்.

காற்று எவ்வளவு அடிப்பது?

சரியான டயரை வாங்கிய பிறகும் தவறு செய்ய ஓர் இடம் மிச்சமிருக்கிறது. பழைய டயருக்குச் சொன்ன அழுத்தத்தையே புதிய டயருக்கும் வைப்பது. குடும்பம் மாறினால் கணக்கும் மாறும். மேலே பார்த்த கார் வகை டயர் 35 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 1,030 கிலோ தாங்கியது. எல்டி டயர் 1,000 கிலோவைத் தாங்க 50 பி.எஸ்.ஐ. வேண்டும். அதை 35இல் ஓட்டினால் தாங்குதிறன் 770 கிலோவுக்கு இறங்கிவிடும். டயரை வலுப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு வண்டியின் தாங்குதிறனைக் கால் பங்கு குறைத்த கதைதான்.

இ வகுப்பு 245/75 ஆர்16 எல்டி டயருக்கு 50 பி.எஸ்.ஐ.யில் 1,000 கிலோ, 65இல் 1,190, 80இல் 1,380. நம் எடுத்துக்காட்டு வேனின் பின் சக்கரத்துக்குத் தேவை 1,215. எனவே 65 போதாது. 70 என்றால் 1,254, சரிதான், ஆனால் இருப்பு இல்லை. 75இலிருந்து 80 வரை அடிப்பது பொருத்தம். முன் சக்கரங்களுக்கு எடை குறைவென்றால் அழுத்தமும் குறைவு. நான்குக்கும் ஒரே காற்று என்பது வசதிக்கான பழக்கம், கணக்கு அப்படிச் சொல்லவில்லை. உற்பத்தியாளர் கொடுத்த அளவிலேயே, அதே வகையிலேயே டயர் வாங்கியிருந்தால் இந்தச் சிரமமெல்லாம் வேண்டியதில்லை. கதவு ஸ்டிக்கரில் உள்ள அழுத்தம் போதும்.

அழுத்தத்தை அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போது. இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு அளந்தால் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்து காற்றை வெளியேற்றினால் மறுநாள் காலை குறைந்திருக்கும்.

அழுத்தமும் இருப்பும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் பார்த்தது. அந்த ஆகஸ்ட் 9 அன்று பிரிட்ஜ்ஸ்டோன்/ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அவற்றில் வைல்டர்னஸ் ஏடி என்ற பெயருடையவையும் அடக்கம். பி235/75 ஆர்15 அளவு, கார் குடும்பத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பொருத்தப்பட்டிருந்தன. ஓடும்போதே பட்டன் பகுதி இரும்புப் பட்டையோடு உரிந்து வந்தது, வண்டிகள் உருண்டன. வெப்பம் மிகுந்த தென் மாநிலங்களில் விபத்துகள் அதிகம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 271 மரணங்களை இந்த டயர்களோடு தொடர்புபடுத்தியது.

ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பி.எஸ்.ஐ. ஃபயர்ஸ்டோன் 30 வேண்டும் என்றது. டயரின் குறையா, வண்டியின் குறையா என்று இரண்டு நிறுவனங்களும் நாடாளுமன்றக் குழுவின் முன்னால் மோதிக்கொண்டன. 2001இல் முடிந்த அரசு விசாரணை, இரும்புப் பட்டையின் ஓரத்தில் விரிசல் தோன்றிப் பரவும் குறை டயரில் இருந்ததாகச் சொன்னது. அந்த விரிசலை வளர்ப்பது வெப்பம். குறைந்த காற்று, நிறைந்த சுமை, கோடை, நெடுந்தூர வேகம் நான்கும் வெப்பத்தைக் கூட்டுபவை. குறையுள்ள டயருக்கும் கொஞ்சம் அதிகக் காற்று இருந்திருந்தால் ஆயுள் நீண்டிருக்கும். இருப்பு என்று நாம் கணக்கில் ஒதுக்கி வைப்பது அத்தகைய நாளுக்காகத்தான்.

அந்த டயர் விபத்துகளின் விளைவாக 2000 நவம்பர் 1 அன்றே ட்ரெட் என்ற வாகனப் பாதுகாப்புச் சட்டம் கையெழுத்தாகியிருந்தது. டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அதன் வழியே வந்தது. 2007 செப்டம்பரிலிருந்து 4,536 கிலோவுக்கு உட்பட்ட ஏறத்தாழ எல்லாப் புதிய வண்டிகளிலும் கட்டாயம். ஆனால் அந்த விளக்கு, ஸ்டிக்கர் அழுத்தத்தை விட 25 சதவீதம் குறைந்தால் எரிந்தாகவேண்டும் என்றுதான் விதி சொல்கிறது; அதற்கு முன்பே எரியவேண்டிய கட்டாயம் இல்லை. 80 சொன்ன இடத்தில் 60 ஆகும்வரை விளக்கு மௌனமாக இருக்கலாம். நம் வேனின் பின் டயர் அதற்கு முன்பே தன் வரம்பைத் தாண்டியிருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தமானியைக் கையில் எடுப்பதற்கு மாற்று இல்லை.

பெரிய டயர் போடலாமா?

ஆல்-டெரெயினுக்கு மாறுகிறவர்களில் பலர் அதோடு அளவையும் ஒரு படி கூட்ட விரும்புகிறார்கள். எல்டி 265/75 ஆர்16 இ வகுப்பின் குறியீடு 123, 1,550 கிலோ. தாங்குதிறன் கூடுகிறது, தரையிலிருந்து வண்டியின் வயிறு 15 மி.மீ. உயர்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

விட்டம் 774இலிருந்து 804 மி.மீ. ஆகிறது, 3.9 சதவீதம். வேகமானி 100 காட்டும்போது வண்டி 104இல் போகும். கியர் விகிதம் அதே அளவுக்கு உயர்ந்து, ஏற்றத்தில் இழுவை குறையும். திருப்பத்தில் சக்கரக் கூண்டில் உரசலாம். இவற்றையெல்லாம் விட முக்கியமானது ரிம். ஸ்பிரிண்டரோடு வரும் ரிம்மின் அகலம் 6.5 அங்குலம். 245 டயருக்கு அது குறைந்தபட்ச அளவு. 265 டயருக்குக் குறைந்தது 7 அங்குலம் வேண்டும். ஆகவே ரிம்மும் மாற்ற வேண்டும். அந்தப் புதிய ரிம்முக்கும் தனியே ஒரு சுமை வரம்பு உண்டு. அழகான அலாய் ரிம்கள் பலவும் கார்களை நினைத்து வார்த்தவை. 1,550 கிலோ டயரை 1,000 கிலோ ரிம்மில் மாட்டினால் அந்தச் சக்கரத்தின் தாங்குதிறன் ஆயிரம்தான்.

நான்கு சக்கர இயக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. ஆல்-டெரெயின் டயரின் பட்டன் புதிதாக இருக்கும்போது ஏறத்தாழ 12 மி.மீ. ஆழம். மூன்று டயர் 4 மி.மீ. மட்டும் மிஞ்சும்படி தேய்ந்த நிலையில் ஒன்று வெடித்து, அதற்குப் புதியது ஒன்றை மட்டும் போட்டால் விட்டத்தில் 16 மி.மீ. வேறுபாடு, இரண்டு சதவீதம். ஒரு கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது சுற்று வித்தியாசம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே உள்ள இணைப்பு அந்த வித்தியாசத்தை ஓயாமல் விழுங்கவேண்டும். 1985இல் வந்த ஃபோக்ஸ்வேகன் டி3 சின்க்ரோவிலும், டொயோட்டா ஹையேஸின் நான்கு சக்கர இயக்க வகையிலும் இந்த வேலையைச் செய்வது பிசுபிசுப்பான திரவம் நிறைந்த விஸ்கஸ் கப்ளிங். சக்கரங்கள் வேறுபட்டுச் சுற்றினால் இறுகுவது அதன் தொழில்; வேறுபாடு எப்போதும் இருந்தால் எப்போதும் இறுகிச் சூடாகும். எனவே நான்கும் ஒரே வகை, ஒரே அளவு, ஒரே தேய்மானம். முன்னும் பின்னும் மாற்றிப் போடுவதை ஒழுங்காகச் செய்தால் இது தானே வந்துவிடும். ஸ்டெப்னியையும் அந்தச் சுற்றில் சேர்த்தால் ஐந்தும் ஒன்றாகத் தேயும்.

மணலில் காற்றிறக்குவது

மணலிலும் கற்பாதையிலும் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது உண்மை. தரையைத் தொடும் பரப்பு நீள்கிறது, டயர் கல்லைச் சுற்றி வளைந்து கொடுக்கிறது. ஆனால் சுமைக் கணக்கு அங்கேயும் கூடவே வருகிறது. குறைந்த அழுத்தத்தில் தாங்குதிறன் தேவைக்குக் கீழே இறங்கிவிடுகிறது; அதைச் சரிக்கட்ட நம் கையில் இருப்பது வேகம் ஒன்றுதான். மணிக்கு இருபது, முப்பது கி.மீ. வேகத்தில் மடங்கல் குறைவு, சூடு குறைவு, வந்த சூடும் ஆறுகிறது. அதே டயரோடு தார்ச்சாலை ஏறி எண்பதில் போனால் ஃபயர்ஸ்டோன் கதையின் சூழலை நாமே உருவாக்கிவிடுகிறோம். காற்றிறக்கத் துணிகிறவரிடம் காற்றடிக்கும் கம்ப்ரசரும் இருக்கவேண்டும். பஞ்சர் கடை இல்லாத இடத்துக்குப் போகத்தானே இந்த வேன்.

எல்லா வேனுக்கும் இ வகுப்பா?

வேண்டாம். மிட்சுபிஷி டெலிகா டி:5 போன்ற வேன்கள் காரின் அடித்தளத்தில் அமைந்தவை. எடை ஏறத்தாழ இரண்டு டன். அவற்றின் டயர் குறியீடு 98 அல்லது 100 அளவில், அதாவது 750 முதல் 800 கிலோ. இத்தகைய வண்டிக்குப் பத்து ப்ளை டயர் போட்டால், காலி வண்டி மாட்டுவண்டி போலக் குதிக்கும். சக்கரத்தின் எடை கூடி பிரேக் தூரமும் டீசல் செலவும் ஏறும். குறியீடு பழையதற்குக் குறையாத கார் வகை ஆல்-டெரெயின், அதிலும் எக்ஸ்எல் என்று குறித்தது போதும். எக்ஸ்எல் என்பது சாதாரணக் கார் டயரை விடக் கூடுதல் அழுத்தத்துக்கு, அதாவது 42 பி.எஸ்.ஐ. வரை, வலுப்படுத்திய வகை. கூர்கற்கள் நிறைந்த பாதையில் அடிக்கடி போகிறவர்கள் மட்டும், பக்கச்சுவர் கிழியாமலிருக்க எல்டி சி வகுப்பைப் பார்க்கலாம். அப்போதும் அழுத்தத்தை மேலே சொன்னபடி உயர்த்தியே ஆகவேண்டும்.

பனி நாடுகளில் இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு. எம்+எஸ் (சேறும் பனியும் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற எழுத்துகள் பனிக்காலத்துக்குப் போதும் என்பது பழைய நிலை. ஜெர்மனியில் 2024 அக்டோபர் 1 முதல், மூன்று சிகர மலைக்குள் பனித்துகள் வரைந்த சின்னம் இருக்கும் டயரே பனிக்கால டயராகக் கணக்கில் வரும். ஆல்-டெரெயின் டயர்களில் சிலவற்றில் இந்தச் சின்னம் உண்டு, சிலவற்றில் இல்லை. ஒரே மாடலின் வெவ்வேறு அளவுகளுக்கிடையே கூட மாறும்.

கேம்பர் வேன்களின் டயர் பட்டன் தேய்ந்து சாவது குறைவு, வயதாகிச் சாவதே அதிகம். வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் கடைசி நான்கு இலக்கங்களைப் பார்க்கவேண்டும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. அந்த இலக்கங்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம். வெளிப்புறம் தெரியவில்லை என்றால் வண்டிக்கு அடியில் குனிந்து உள்பக்கம் பார்க்கவேண்டியிருக்கும். ஸ்டெப்னியில் அதைப் பார்க்க மறக்கிறவர்கள்தான் அதிகம்.